தங்கமலையின் மாரிகாலப் பறவைகள்

தங்கமலைச் சரணாலயம் இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தில், அப்புத்தளை நகருக்கு மேற்கே உள்ள மலைமுகட்டில் இருக்கிறது. பரப்பு 131.5 ஹெக்டேயர், ஊவாவின் தேயிலைத் தோட்டங்கள் பல இதைவிடப் பெரியவை. 1938 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டின் ஓரத்தில் அடிசம் என்ற கல்மாளிகை நிற்கிறது. அங்கிருந்து இதல்கஸ்ஹின்ன ரயில் நிலையத்தை நோக்கி முகட்டின் மேலாகவே ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. பாதையோரம் பாசி படர்ந்த குட்டை மரங்கள். காடு முடிந்த கையோடு தேயிலை. மேகம் விலகும் காலைகளில் தெற்கே மலை சரிந்து இறங்குவதும், அதற்கும் அப்பால் தாழ்நிலம் விரிவதும் தெரியும்.

புரட்டாசி கடைசியிலிருந்து பங்குனி வரை இந்தக் காட்டுக்கு இமயமலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் சிறு பறவைகள் வந்து தங்குகின்றன. அவற்றைத் தேடி மனிதர்கள் வரும் வழக்கத்துக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. தோட்டங்களின் வரலாற்றோடு அது பின்னிக் கிடக்கிறது. காட்டை வெட்டியவர்களே அதன் பறவைகளையும் எழுதிவைத்தார்கள் என்பதுதான் ஊவாவின் கதை.

இலங்கையில் குளிர்காலம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஊவாவில் மழையின் கணக்கும் தீவின் மேற்குப் பக்கத்துக்கு நேர்மாறு. ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, ஊவாவுக்குள் வறண்ட காற்றாக இறங்குகிறது. அந்த வறட்சியில் கிள்ளிய கொழுந்துதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்தது. மழை ஐப்பசியில் தொடங்கி, வடகிழக்குப் பருவத்தோடு தை வரை நீடிக்கும். வலசைப் பறவைகள் வருவதும் இந்த வாரங்களில்தான். நனைந்த காட்டுத் தரையில் புழுவும் பூச்சியும் பெருகியிருக்கும். தரையைக் கிளறி இரை தேடும் பறவைகளுக்கு அது போதும். தீவுக்குத் தெற்கே அண்டார்க்டிக்கா வரை தரை கிடையாது. ஆகவே மத்திய ஆசியாவிலிருந்து தெற்கு நோக்கி நீளும் வலசைப் பாதைக்கு இலங்கையே கடைசித் தரிப்பிடம். வந்த பறவை இங்கேதான் மாரியைக் கழிக்க வேண்டும்.

முதலில் கண்ணில் படுவது சாம்பல் வாலாட்டி. ஓடைக்கரையிலும் தோட்டத்துப் பாதையிலும் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடும் இந்தப் பறவையைக் காணப் பொறுமையோ தொலைநோக்கியோ தேவையில்லை. அதன் உறவான காட்டு வாலாட்டி மரநிழலில் நடக்கும். வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். தேயிலைச் செடியின் உச்சியில் தனியே உட்கார்ந்து கரகரத்த குரலில் கத்துவது பழுப்புக் கீச்சான். ஆறுமணிக் குருவி மைய இந்தியாவிலிருந்தும் இமய அடிவாரத்திலிருந்தும் இரவோடு இரவாகப் பறந்து வருகிறது. வந்திறங்கும் நாட்களில் களைத்துப்போய் வீட்டுத் தாழ்வாரங்களில் விழுந்து கிடப்பதும் உண்டு. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று பல வண்ணங்களை உடலில் சுமந்தாலும், காட்டுத் தரையில் நிற்கும்போது அதைக் கண்டுபிடிப்பது கடினம். விடியலிலும் அந்தியிலும் கொடுக்கும் இரட்டைச் சீழ்க்கைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அறிந்தவர்கள் தங்கமலைக்கு வருவது இவற்றுக்காக மட்டுமல்ல. இங்கு தேடப்படும் அரிய விருந்தாளிகள் மூன்று. காஷ்மீர் ஈப்பிடிப்பான் வடமேற்கு இமயத்தில், பெரும்பாலும் காஷ்மீரப் பள்ளத்தாக்கைச் சுற்றிய காடுகளில் இனம்பெருக்குகிறது. மாரியைக் கழிக்க அது நம்பியிருப்பது இலங்கையின் மலைநாட்டையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளையும்தான். ஆணின் தொண்டையும் மார்பும் செங்கல் நிறம். அதன் இருபுறமும் ஒரு கரிய கோடு. காட்டு ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு, வேறு எதையும் அருகே விடாமல் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். உலக அளவில் இது ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. இரண்டாவது, நேபாளத்தை ஒட்டிய இமயக் காடுகளிலிருந்து வரும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவி. இந்த இனத்தின் முதன்மையான மாரிகால இருப்பிடம் இலங்கை மலைநாடு. மூன்றாவது இந்திய நீல ராபின். அடர்ந்த புதரைவிட்டு வெளியே வராது. அதன் ‘டிக்’ என்ற ஒலியைக் கேட்டுவிட்டு முகத்தைக் காணாமல் திரும்பியவர்கள் ஏராளம்.

தமிழ்நாட்டில் பறவைச் சரணாலயம் என்றால் வேடந்தாங்கல்தான் முதலில் நினைவுக்கு வரும். ஏரி நடுவே மரம் வளைய நிற்கும் நாரைகளும் கொக்குகளும், அவற்றைத் தங்கள் வயலுக்கு உரம் தரும் செல்வமாகக் காத்த ஊர்மக்களும், அந்த உரிமையை 1798 இல் எழுத்தில் உறுதிப்படுத்திய ஆட்சியர் லயனல் பிளேஸும் அங்கே உண்டு. தங்கமலையில் அப்படிப்பட்ட கூட்டம் கிடையாது. பறவைகள் ஒவ்வொன்றாக, மூடுபனிக்குள், பெரும்பாலும் அரைகுறையாகத் தெரியும். காவல் வந்த வழியும் வேறு. ஊர் காத்து அரசு ஏற்றுக்கொண்ட இடம் வேடந்தாங்கல். மாளிகையை ஒட்டி மிஞ்சிய காட்டைச் சட்டம் சேர்த்துக்கொண்ட இடம் தங்கமலை.

பறவையைப் பார்ப்பதற்காகப் பார்ப்பது என்ற எண்ணம் ஊவாவுக்குப் பிந்தியே வந்தது. 1817–18 கிளர்ச்சியை அடக்கிய பின் பிரித்தானியர் பதுளையில் அமர்த்திய அதிகாரிகளுக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு வேட்டை. அவர்களில் பெயர் பெற்றவர் மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று சொல்லப்படும் இவர், 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானைக்குக் கிடைத்த நீதி அது என்று மக்கள் சொல்லிக்கொண்டதில் வியப்பில்லை. அந்தக் காலத்து வேட்டைக் குறிப்புகளில் சிறு பறவைக்கு இடம் கிடையாது. உள்ளான் மட்டும் விதிவிலக்கு. மாரியில் வடக்கேயிருந்து வந்து வயல் சேற்றில் இறங்கும் ஊசிவால் உள்ளான் துரைமாரின் சாப்பாட்டு மேசைக்கு உகந்த பறவை. அது எந்த வாரம் வருகிறது, எப்போது போகிறது என்று குறித்து வைப்பது வேட்டைக்காரருக்கு அவசியமாக இருந்தது. வலசையைத் தேதியோடு பதியும் பழக்கம் இப்படித் துப்பாக்கியின் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது.

அறிவியல் நோக்கோடு தீவின் பறவைகளைத் தொகுக்கும் வேலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இருவர் தொடங்கினர். ஒருவர் இலங்கையிலேயே பிறந்த இராணுவ மருத்துவர் எட்வர்ட் ஃபிரெட்ரிக் கெலார்ட்; மலைநாட்டில் பணியாற்றிய இவர், தீவின் விலங்குகள் பற்றிய தம் நூலை 1852 இல் வெளியிட்டார். தேயிலை ஓரத்துப் புல்லில் கூட்டமாகத் திரியும் கருந்தொண்டைச் சில்லைக்கு இவர் பெயரே அறிவியல் பெயராக நிலைத்தது. மற்றவர் எட்கர் லெப்போல்ட் லேயார்ட், குடிமைப் பணி அதிகாரி. 1846 முதல் 1853 வரை இலங்கையில் இருந்து, தீவின் பறவைப் பட்டியலுக்கு அடித்தளம் போட்டவர். ஊவாவின் மலைச்சரிவுகளில் இன்றும் கூச்சலிட்டுப் பறக்கும் சாம்பல் நிறக் கிளிக்கு, அவருடைய மனைவியின் பிறப்புக் குடும்பப் பெயரான கல்த்ரப் சூட்டப்பட்டது.

லேயார்ட் சேகரித்த பறவைகள் எல்லாம் அவர் கையால் பிடிபட்டவை அல்ல. முத்து என்ற தமிழ்ப் பணியாளர் ஒருவர் அவருக்காகப் பறவை தேடினார். வடக்கே பருத்தித்துறையில் முத்து கொண்டுவந்த சிறிய பழுப்புப் பறவை ஒன்று புதிய இனம் என்று தெரிந்ததும், 1854 இல் லேயார்ட் அதற்கு ‘முத்துயி’ என்று பெயரிட்டார். அதுவே இன்று பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் எனப்படும் மஸ்கிகாபா முத்துயி. வடகிழக்கு இந்தியா, தென்சீனம், தாய்லாந்து ஆகிய இடங்களில் இனம்பெருக்கி, மாரியில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. ஊவாவின் காட்டு நிழல்களிலும் அதைக் காணலாம். ஆங்கிலத் துரைமார், அவர்களின் மனைவியர், ஆளுநர்கள் என்று பெயர்கள் நிறைந்த அந்தக் காலத்துப் பறவைப் பட்டியலில், சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு தமிழரின் பெயர் ஏறியிருப்பது அபூர்வம். பிற்கால நூல்கள் பலவற்றில் முத்து சமையற்காரர் என்று மட்டும் குறிக்கப்படுகிறார். புதிய இனம் ஒன்றைக் கையில் கொண்டுவந்தவருக்கு அந்த அறிமுகம் போதாது.

இதே ஆண்டுகளில் ஊவாவின் மலைகளில் காப்பி பரவிக்கொண்டிருந்தது. பதுளை, பசறை, மடூல்சீமை, அப்புத்தளைப் பக்கங்களில் காடு எரிக்கப்பட்டு வரிசை வரிசையாகக் காப்பி நடப்பட்டது. காப்பித் துரைமார் தனித்து வாழ்ந்தவர்கள். அவர்களில் சிலர் வேலை முடிந்த பொழுதைப் பறவைகளோடு கழித்தனர். அப்புத்தளைப் பகுதியில் தோட்டம் நடத்திய சாமுவேல் பிளை அவர்களில் முக்கியமானவர். மலை ஓடைகளின் இருண்ட பள்ளங்களில் மட்டும் வாழும் நீலக்கறுப்புச் சீழ்க்கைப் பூங்குருவி அவர் பெயரால் அறியப்படுகிறது. 1872 இல் எட்மண்ட் ஹோல்ட்ஸ்வர்த் அதை விவரித்து, மயோஃபோனஸ் பிளையி என்று இன்று வழங்கும் இனத்துக்கு இந்தப் பெயரைத் தந்தார். இது வலசைப் பறவை அல்ல. உலகில் இலங்கை மலைநாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாதது. தங்கமலைக்கு வரும் பறவை ஆர்வலர்களின் விருப்பப் பட்டியலில் இன்றும் இது முதல் வரிசையில் இருக்கிறது.

பிளை போன்றவர்கள் எழுதிய கடிதங்களும் அனுப்பிய தோல்களும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தன: பீரங்கிப் படை அதிகாரி வில்லியம் வின்சென்ட் லெக். தாஸ்மேனியாவில் பிறந்து, 1870களின் பெரும்பகுதியை இலங்கையில் கழித்த லெக், 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘இலங்கைப் பறவைகளின் வரலாறு’ இன்றும் கைவிட முடியாத நூல். கொய்லெமான்ஸ் வரைந்த வண்ணப்படங்களோடு வந்த அந்தப் பெருநூலில், ஒவ்வொரு வலசைப் பறவையும் எந்த மாதம் வருகிறது, மலையில் எந்த உயரம் வரை ஏறுகிறது என்ற விவரங்கள் உண்டு. அப்புத்தளை, ஊவாப் பத்தனைகள் (மலைப் புல்வெளிகள்) ஆகிய பெயர்கள் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. பறவைகளின் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் லெக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.  பறவையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நிற்பவரிடம் பெயர் கேட்டிருக்கிறார். அந்த எதிரே நின்றவர்களின் பெயர்கள் நூலில் ஏறவில்லை.

லெக் தீவில் வந்திறங்கிய காலத்திலேயே காப்பியின் முடிவும் தொடங்கியிருந்தது. 1869 இல் மடூல்சீமையின் கல்லூலத் தோட்டத்தில் காப்பி இலைகளில் மஞ்சட் புள்ளிகள் தோன்றின. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை ஏறத்தாழ இருபது ஆண்டில் இலங்கைக் காப்பியை முடித்துவைத்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. இந்த மாற்றம் பறவைகளுக்கு இரண்டு விதத்தில் முக்கியம். காப்பிக்கு ஆட்கள் அறுவடைப் பருவத்துக்கு மட்டும் தமிழ்நாட்டிலிருந்து வந்து திரும்பினர். தேயிலையோ வருடம் முழுவதும் கொழுந்து கொடுக்கும் பயிர்; ஆட்களையும் வருடம் முழுவதும் தோட்டத்திலேயே வைத்துக்கொள்ளச் சொன்னது. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் நிரந்தரமாயின. விறகும் நீரும் அருகிலிருந்த காட்டிலிருந்தே எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று, தேயிலை காப்பியைவிட உயரத்திலும் வளரக்கூடியது. காப்பிக்கு எட்டாத முகடுகளையும் இப்போது வெட்டலாம் என்றாயிற்று.

அந்த வெட்டுக்கு ஒரு மேல்வரம்பு இருந்தது. கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஜோசப் டால்ட்டன் ஹூக்கர் 1873 இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அப்படியே விட்டுவைக்குமாறு அறிவுறுத்தினார். நீரூற்றுகள் வற்றிவிடும் என்பதே காரணம். பறவையைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. எனினும் ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து ஒஹிய, இதல்கஸ்ஹின்ன வழியாக அப்புத்தளை வரை நீளும் முகட்டில் இன்று காடு மிஞ்சியிருப்பதற்கு அந்த வரம்பு பெரும் காரணம். எல்லாத் துரைமாரும் அதை மதித்ததாகச் சொல்ல முடியாது. அப்புத்தளையைச் சுற்றித் தேயிலை 5,000 அடியைத் தாண்டி ஏறியிருப்பதை யாரும் பார்க்கலாம்.

1890 இல் தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1893 இல் ரயில் பாதை அப்புத்தளையை எட்டியது. பதுளையைச் சென்றடைய 1924 ஆயிற்று. ரயில் வந்ததும் கொழும்பிலிருந்து ஊவா ஒரு நாள் பயணமானது. அரும்பொருட்சாலைச் சேகரிப்பாளர்களும் விடுமுறைக்கு வந்த அதிகாரிகளும் மலையேறினர். இடையில் வேட்டைக்காரர்களிடையே ஒரு மனமாற்றம் நிகழ்ந்தது. சுடுவதற்கே விலங்கு மிஞ்சாது என்ற கவலையில், துரைமார் பலர் சேர்ந்து 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். பிற்கால வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதிலிருந்து வளர்ந்ததுதான். தொடக்கத்தில் அவர்கள் காக்க நினைத்தது தங்கள் விளையாட்டை. கிராமத்து மனிதன் வயிற்றுக்காகச் சுட்டால் அது களவு வேட்டை, துரை சுட்டால் பொழுதுபோக்கு என்ற பாகுபாடு அந்தச் சங்கத்தின் முதல் பல ஆண்டுகளில் ஒளிவுமறைவின்றி இருந்தது.

அடிசம் மாளிகையின் கதை இந்தக் கட்டத்தில் தொடங்குகிறது. சர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ் 1887 இல் பதினெட்டாவது வயதில் தோட்டம் பழக இலங்கை வந்தவர். முன்னாள் பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரசலின் மகள்வழிப் பேரன். காலப்போக்கில் கொழும்பின் பெரிய வணிக நிறுவனமான ஜோர்ஜ் ஸ்டூவர்ட்டின் தலைவரானார். ஓய்வுக்காலத்துக்கென்று அப்புத்தளை முகட்டில் ஒரு வீடு கட்டத் தொடங்கி 1931 இல் முடித்தார். இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள தம் பிறந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார். அதே பகுதியிலுள்ள லீட்ஸ் கோட்டையின் சாயலில் எழுந்த அந்த வீட்டின் பின்னால் காடு வெட்டப்படாமல் இருந்தது. துரைமாரின் மாளிகைத் தோட்டங்கள் பொதுவாக ரோஜாவும் சைப்ரஸும் நட்ட அலங்காரங்கள். அடிசமிலும் அவை உண்டு. ஆனால் ஐந்து நிமிடம் நடந்தால் மலைக்காடு தொடங்கிவிடும். வெட்டப்பட்ட புல்வெளியும் அடர்காடும் இப்படி ஒட்டி அமைந்ததால், புல்வெளி ஓரத்தில் இறங்கும் பூங்குருவியையும் காட்டுக்குள்ளிருக்கும் ராபினையும் ஒரே காலையில் பார்க்க முடிகிறது.

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1938 மார்ச் 1 இல் நடைமுறைக்கு வந்தது. தீவின் தேசிய பூங்காக்களுக்கும் சரணாலயங்களுக்கும் இன்றுவரை அடிப்படை இதுதான். அந்த ஆண்டே தங்கமலை சரணாலயமாயிற்று. சட்டத்தின் வகைப்பாட்டில் சரணாலயம் என்பது மிகத் தளர்ந்த காவல். தேசிய பூங்கா முழுதும் அரசு நிலமாகவே இருக்க வேண்டும். சரணாலயத்துக்குள் தனியார் நிலமும் இருக்கலாம், மனித நடமாட்டமும் இருக்கலாம். விலங்கையும் பறவையையும் கொல்லவோ பிடிக்கவோ கூடாது என்பதே முதன்மையான தடை. தோட்டங்களுக்கு நடுவே கிடந்த ஒரு சிறு காட்டுத் துண்டுக்கு அப்போது கிடைக்கக்கூடிய காவல் அவ்வளவுதான். தளர்வு என்றாலும், தேயிலை அந்த எல்லையைத் தாண்டாமல் இருக்க அது உதவியது.

இதே காலகட்டத்தில் பறவை பார்ப்போரின் கையிலிருந்து துப்பாக்கி இறங்கித் தொலைநோக்கி ஏறியது. குடிமைப் பணியாளர் டபிள்யூ. ஈ. வெய்ட் 1925 இல் இலங்கைப் பறவைகளுக்கு ஒரு கைந்நூல் எழுதினார். அது தோலை அளந்து பார்க்கும் பழைய முறையையே பின்பற்றியது. வயலிலும் காட்டிலும் உயிரோடு நிற்கும் பறவையை அடையாளம் காணச் சொல்லிக்கொடுத்தவர் ஜோர்ஜ் மொரிசன் ரீட் ஹென்றி. 1891 இல் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில், தோட்டத்துரையின் மகனாகப் பிறந்தவர். கொழும்பு அரும்பொருட்சாலையில் படம் வரைபவராகச் சேர்ந்து பூச்சியியல் உதவியாளராக ஓய்வு பெற்றவர். 1955 இல் வெளிவந்த அவருடைய ‘இலங்கைப் பறவைகளுக்கு ஒரு வழிகாட்டி’ படங்களையும் அவர் கையாலேயே பெற்றது. தங்கமலைப் பாதையில் அடுத்த முப்பது ஆண்டு நடந்தவர்கள் பையில் வைத்திருந்த நூல் பெரும்பாலும் அதுவே.

1943 இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகம் ஆரம்பத்தில் பெரும்பாலும் தோட்டத்துரைமாரின் வட்டம். டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் என்ற தேயிலைத்துரை அதில் முன்னின்றவர்களில் ஒருவர். தோட்ட வாழ்க்கை இந்த வேலைக்கு எல்லா வகையிலும் தோதாக இருந்தது. விடியலில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) எழும் வழக்கம், தினமும் அதே மலைகளைச் சுற்றிவரும் வேலை, ஒரே இடத்தில் பல வருட வாசம், எழுதப் பழகிய கை. ஒரு பறவை இந்த வருடம் எந்தத் தேதியில் வந்தது என்று ஒரே தோட்டத்திலிருந்து பத்து வருடம் தொடர்ந்து எழுத வேறு யாரால் முடியும்? கழகத்தின் மாதக் குறிப்புகள் இப்படிச் சேர்ந்தவை. வலசையின் காலக்கணக்கைப் பற்றி மலைநாட்டில் இன்று தெரிந்தவற்றில் பெரும்பங்கு இந்தக் குறிப்புகளிலிருந்து வந்தது.

அதே பெரட்டுக்கு அதே இருட்டில் எழுந்தவர்கள் தொழிலாளர்கள். கொழுந்து மலையில் துரையைவிட நீண்ட நேரம் நின்றதும் அவர்கள்தான். காட்டுத்தொங்கலை ஒட்டிய மலைகளில் காட்டுக்கோழி கொக்கரிப்பதையும், மழைக்கு முன் தகைவிலான் தாழப் பறப்பதையும், பீலிக்கரையில் வாலாட்டி வந்து நிற்பதையும் தினமும் கண்டவர்கள். அவர்கள் அறிந்தது எழுத்தாகவில்லை. நேரமும் நோட்டும் கொடுக்காத ஒரு வாழ்க்கையில் அது வேறெப்படி இருந்திருக்கும்? 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டியதாயிற்று. ஊவாவின் லயங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ரயிலேறினர். மலையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் பலர் அதோடு போனார்கள்.

துரைமாரும் போனார்கள். சுதந்திரத்துக்குப் பின் ஐரோப்பியர் ஒவ்வொருவராகத் தோட்டங்களை விற்றுக் கிளம்பினர். வில்லியர்ஸ் அடிசமை விற்றுவிட்டு இங்கிலாந்து திரும்பினார். கைமாறிய மாளிகையை 1960களின் தொடக்கத்தில் பெனடிக்ட் சபையின் சில்வெஸ்டர் பிரிவுத் துறவிகள் வாங்கித் துறவிமடமாக்கினர். பழத்தோட்டத்துக் கொய்யாவிலும் ஸ்ட்ரோபெரியிலும் ஜாம் செய்து விற்கும் இந்தத் துறவிகள் வார இறுதிகளிலும் போயா (முழுநிலா) நாட்களிலும் பொதுமக்களை உள்ளே விடுகின்றனர். மடத்தின் அமைதி பறவைக்குத் துரையின் அமைதியைவிட நல்லது. அங்கே துப்பாக்கிச் சத்தம் இல்லை. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992 இல் நிர்வாகம் கம்பெனிகளுக்கு மாறியது.

துரைமார் வட்டம் கலைந்த பிறகும் பதிவுகள் அறுந்துபோகாததற்குத் திலோ ஹொஃப்மன் ஒரு காரணம். சுவிட்சர்லாந்திலிருந்து 1946 இல் வந்த இந்த விவசாய வல்லுநர், தோட்டங்களுக்கு உரம் விற்ற பவர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மலைநாட்டின் தோட்டங்கள் அவருக்கு உள்ளங்கை ரேகை. பறவைக் கழகத்தைப் பல பதிற்றாண்டுகள் வழிநடத்தினார். சிங்கராஜக் காட்டைக் காக்கும் போராட்டத்தில் முன்னணியில் நின்றார். 1976 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு சரத் கொட்டகம தொடங்கிய இலங்கைக் களப் பறவையியல் குழு இந்தப் பொழுதுபோக்கைத் துரைமார் வராந்தாவிலிருந்து மாணவர்களிடம் கொண்டுபோனது. மாதச் சொற்பொழிவு, களப் பயணம், சிங்களத்திலும் எழுதப்பட்ட வழிகாட்டிகள் என்று அது வளர்ந்தது. தமிழில் இந்த வேலை பின்தங்கியே இருக்கிறது. பறவைகளுக்கு இடையே பிறந்து வளரும் ஊவாத் தோட்டப் பிள்ளைகள் பலருக்கு, கையில் எடுத்துப் பார்க்க ஒரு தமிழ்ப் பறவை நூல் கிடைப்பதில்லை.

தேயிலை நிலம் பறவைக்கு முற்றிலும் பாலைவனம் அல்ல. நிழலுக்கென்று நட்ட முள்முருங்கை, மாரி முடியும் வேளையில் சிவந்து பூக்கும்போது வெள்ளைக்கண்ணிகளும் மைனாக்களும் அதில் நிறைகின்றன. கிரேவில்லியா வரிசைகளில் இலைக்குருவிகள் பூச்சி தேடுகின்றன. பத்தனைகளுக்கு மேல் தை, மாசியில் பூனைப்பருந்து தாழ்ந்து பறக்கும். இதல்கஸ்ஹின்னப் பக்கத்தில் 1980களின் இறுதியிலிருந்து இரசாயன உரமும் மருந்தும் இன்றித் தேயிலை வளர்க்கும் தோட்டம் உண்டு. காட்டை ஒட்டிய மலைகளில் அது பூச்சியுண்ணிகளுக்குச் சாதகம். யூக்கலிப்டஸ் நட்ட சரிவுகளில் நிலை வேறு. அதன் கீழே செடி கொடி அதிகம் வளர்வதில்லை. தரையில் மேயும் ராபினுக்கும் பூங்குருவிக்கும் அங்கே வேலையில்லை.

தங்கமலையில் மார்கழி, தை மாதங்களில் பறவை பார்ப்பவர்கள் ஆறு மணிக்கு முன்பே மடத்து வாயிலுக்கு வந்துவிடுகின்றனர். அப்போது ஆறுமணிக் குருவி கூவும். வெளிச்சம் பரவப் பரவ மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியும் மங்குநீல ஈப்பிடிப்பானும் மரக்கிளைகளில் தென்படும். இவை இரண்டும் இங்கேயே வாழ்பவை. வேட்டைத் திரள் என்று பறவை ஆர்வலர்கள் சொல்லும் கலவைக் கூட்டம் நடுக்காலையில் கடந்துபோகும். சிட்டுகள், இலைக்குருவிகள், ஈப்பிடிப்பான்கள், தவிட்டுக்குருவிகள் ஒன்றாக ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகரும் அந்தப் பத்து நிமிடத்தில் கண்ட இனங்கள் அதற்குப் பின் அன்று முழுக்க நடந்தாலும் கிடைக்காமல் போகலாம். பத்து மணிக்கு மேகம் ஏறிவிடும். காஷ்மீர் ஈப்பிடிப்பானைத் தேடுபவர்கள் காட்டின் உள்ளே போவதில்லை. காடு தேயிலையைத் தொடும் விளிம்பிலேயே நிற்பார்கள்.

இந்த முகட்டுப் பாதையில் இப்போது பறவை பார்ப்பவர்கள் மட்டும் நடப்பதில்லை. 2009 இல் போர் முடிந்தபின் மலைநாட்டு ரயிலுக்காகவே வெளிநாட்டார் வரத் தொடங்கினர். 300 கிலோமீட்டரைத் தாண்டி, 22 பகுதிகளாக மலைநாட்டைச் சுற்றிவரும் பீக்கோ நடைபாதையும் அப்புத்தளை வழியாகவே போகிறது. ஆட்கள் கூடியதால் பாதையோரத்தில் பிளாஸ்டிக்கும் கூடியது. வழிகாட்டி வேலைக்கு அப்புத்தளைத் தோட்ட இளைஞர்கள் சிலர் வந்ததும் அதே காரணத்தால்தான். இலங்கைப் பறவைக் கழகம் ஒருங்கிணைக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது, ஆனால் அது குளங்களையும் களப்புகளையும் எண்ணுவது. மலைக்காட்டின் ராபினும் பூங்குருவியும் அதில் வராது. அவற்றின் வரவு செலவு இன்னும் தனிமனிதர் எழுதும் குறிப்புகளைத்தான் நம்பியிருக்கிறது. துரைமார் நோட்டில் எழுதியதை இன்றைய இளைஞர்கள் கைப்பேசியில் ஈபேர்ட் போன்ற தளங்களில் பதிகிறார்கள். ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து பல வருடம் எழுதும் கைகள் மட்டும் இன்னும் குறைவு. தங்கமலைக்கு மிக அருகில் அப்படி எழுதக்கூடியவர்கள் இருப்பது லயங்களில்.